இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடாத என் 12 போர் எம்.எல். துப்பாக்கி: சில வருட அனுபவம்

துப்பாக்கி ரிப்பேர் முடிந்து வந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர் நண்பன் போன் செய்தான். "மாப்ள, உன்னை மாதிரியே நானும் ஒரு டபுள் பேரல் எம்.எல். சொல்லிச் செய்யலாம்னு இருக்கேன், உண்மையைச் சொல்லு, எப்படி இருக்கு?" என்றான். போனில் நான் சொன்னதில் பாதிக்கு மேல் திட்டு. அதனால் கொஞ்சம் ஆறிய பிறகு நிதானமாக எழுதுகிறேன். நிதானம் கடைசி வரை நிற்குமா என்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: எம்.எல். (மஸில் லோடர்) என்றால் தோட்டா போடுவது கிடையாது, குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டைக் கம்பியால் கெட்டித்து, பின்னால் நிப்பிள் என்கிற சின்ன முனையில் கேப் என்கிற தீப்பொறி மூடியை மாட்டிச் சுடுவது. ஊரில் காட்டுப் பன்றிக்குப் பயந்து தாத்தா வீட்டில் தொங்கவிட்டிருந்த ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கியின் வசதியான அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 போர் என்கிற குழல் அளவுக்குக் கணக்கு எளிது. குழலின் விட்டத்துக்குச் சரியாக உருட்டிய ஈயக் குண்டு 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. விட்டம் 0.729 அங்குலம், அதாவது பதினெட்டரை மில்லிமீட்டர். எண் குறையக் குறைய குழல் பெரிதாகும். 8 போர் 0.835 அங்குலம், 4 போர் ஒரு அங்குலத்தையே தாண்டிவிடும். 1848ல் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் மாதிரி ஆட்கள் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்த ரகம். எனக்கும் ஆசை என்னவோ அந்த மாதிரி பெரிய போர் டபுள் ரைஃபிள்தான். ஆனால் என் கையில் இருப்பது கனகபுரா பக்கம் யானை இறங்குகிற நிலத்துக்காக வாங்கிய பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ், அதில் ரைஃபிளுக்கு, அதாவது உள்ளே மரை போட்ட குழலுக்கு, இடமில்லை. சரி, வழுவழுப்பான குழலே இருக்கட்டும், தோளில் வைக்கும் கட்டையும், குறி பார்க்கும் பின்குறியும் மட்டும் ரைஃபிள் மாதிரி வேண்டும் என்று லைசென்ஸ் உள்ள ஒரு வடநாட்டுப் பட்டறையில் 2021ல் சொல்லி வைத்தேன். டீலர் மூலமாக, குழல் தாங்குமா என்று சுட்டுச் சோதித்த புரூஃப் முத்திரையோடு, 2022 கடைசியில் கைக்கு வந்தது. விலையைக் கேட்காதீர்கள், வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். இந்தத் துப்பாக்கியில் இரண்டு குழல், இரண்டு டிரிக்கர். முன் டிரிக்கர் வலது குழலுக்கு, பின் டிரிக்கர் இடது குழலுக்கு. வந்த புதிதில் 50 கெஜத்தில் ஒரு அட்டையை நிறுத்திச் சுட்டேன். வலது குழல் வலப்பக்கம், இடது குழல் இடப்பக்கம், நடுவில் நல்ல ஒரு சாண் இடைவெளி. நான் குறி வைத்த இடம் மட்டும் கன்னி கழியாமல் இருந்தது. மணல் மூட்டையில் வைத்து, நின்று, உட்கார்ந்து, ரேஞ்சில் இருந்த வேறொரு கைதேர்ந்தவரிடம் கொடுத்து, எப்படிச் சுட்டாலும் அதே சாண்.

இதற்குக் காரணம் படித்துத் தெரிந்துகொண்டபோது கோபம் கொஞ்சம் குறைந்து வியப்பு வந்தது உண்மை. இரண்டு குழல்களை ஒன்றுக்கொன்று இணைகோடாக ஒட்டினால் அவை ஒரே இடத்தில் சுடாது. வலது குழல் துப்பாக்கியின் நடுக்கோட்டுக்கு வலப்புறம் இருப்பதால் அதைச் சுட்டதும் உதை நேராகப் பின்னால் வராமல் முழுத் துப்பாக்கியையும் வலப்பக்கமாகத் திருகுகிறது, அதுவும் குண்டு இன்னும் குழலுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே. அதனால்தான் பழைய பட்டறைக்காரர்கள் குழல்களை வாய்ப்பக்கம் கொஞ்சம் நெருங்கி வருமாறு வைத்து, நடுவே ஒரு சின்ன ஆப்பு வைத்து, ஈயப்பற்றால் ஒட்டுவார்கள். சுட்டுப் பார்ப்பார்கள், பற்றைச் சூடாக்கி இளக்கி ஆப்பை ஒரு மயிரிழை நகர்த்துவார்கள், மறுபடி சுடுவார்கள். பெரிய போர் டபுள் ரைஃபிள்கள் அந்தக் காலத்திலேயே யானை விலை விற்றதற்கு இந்த வேலையும் ஒரு முக்கியக் காரணம். இதில் ஒளிந்திருக்கும் வில்லங்கம் என்னவென்றால், இந்தச் சமாதானம் ஒரே ஒரு மருந்துக்கும் ஒரே ஒரு எடைக் குண்டுக்கும்தான் செல்லும். மருந்து மெதுவாக எரிந்தால் குண்டு குழலில் தங்கும் நேரம் கூடும், திருகலும் கூடும், இரண்டு குழலும் ஆளுக்கொரு பக்கம் விலகும். வேகமாக எரிந்தால் திருகுவதற்குள் குண்டு வெளியேறிவிடும், வலது குழல் இடப்பக்கமும் இடது குழல் வலப்பக்கமுமாகக் குறுக்கே மாறிச் சுடும்.

பட்டறைக்காரரிடம் கேட்டால், "எங்க மருந்துல சரியா இருந்துச்சே சார்" என்கிறார். உங்கள் மருந்து உங்கள் ஊரில் இருக்கிறது, நான் பெங்களூரில் டீலர் கொடுக்கிற டப்பாவைத்தானே வாங்க முடியும்! கட்டை அளவு எடுக்க என் கை நீளம், கழுத்து நீளம், எந்தக் கண்ணில் குறி பார்ப்பேன் என்று கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்பது போல அத்தனையும் கேட்ட மனிதர், எந்த மருந்தில் சுடுவீர்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. "மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்" என்று யோசனை சொன்ன புண்ணியவான்களும் உண்டு. புரூஃப் என்று ஒன்று எதற்காகச் செய்கிறார்கள் என்று அவர்களை யாராவது கேட்டால் தேவலை. பட்டறை எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை கூடப் போடுவதில்லை என்பதில் நான் பிடிவாதம்.

கடைசியில் காப்பாற்றியது சிவாஜிநகர் பக்கம் பரம்பரையாக லைசென்ஸோடு ரிப்பேர் செய்யும் ஒரு பாய். குழலைக் கழற்றிக் கையில் ஏந்தி வாய்ப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, மருந்து எங்க?" டப்பாவைக் கொண்டுவந்தால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். இந்த ஒட்டு வேலை எல்லாமே 200 டிகிரிக்குக் கீழே நடப்பது, வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த பற்று 183 டிகிரியிலேயே இளகிவிடும், அதனால் குழலுக்குச் சேதம் இல்லை. சேதம் நிறத்துக்குத்தான். இந்த வேலையில் குழலின் கருநீலம் கெட்டுவிடும், திரும்ப ஏற்றுவதற்கு இப்போது எல்லோரும் செய்கிற கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கினால் அந்தக் காரம் ஈயப்பற்றையே தின்றுவிடும். பாய் பழைய முறையில் துருவை வரவைத்து, கொதிநீரில் போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, மறுபடி துருவை வரவைத்து என்று பொறுமையாக ஏற்றிக் கொடுத்தார். முன்பு இருந்ததை விட இப்போதைய நிறம் அழகு. ரேஞ்சில் அவரே உடன் வந்து பார்த்தார். 50 கெஜத்தில் வலதும் இடதும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கின. எனக்குக் கண் கலங்கியதா என்று கேட்டால், புகை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த டப்பா தீர்ந்தது.

டீலரிடம் புது டப்பா வாங்கினேன். அதே பெயர், அதே விலை. மருந்தின் மணி கொஞ்சம் பொடி, எரிவது வேகம். இப்போது என் வலது குழல் இடப்பக்கம் சுடுகிறது, இடது குழல் வலப்பக்கம் சுடுகிறது. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும்தான். ஆனால் கரி எந்த மரத்தில் சுட்டது, மணி எவ்வளவு பெரிது, ஈரம் எவ்வளவு என்பதில் ஒவ்வொரு அரவையும் மாறும். ஒரே அரவையில் பத்து டப்பா வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்றால், லைசென்ஸில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வீட்டில் வைக்க முடியாது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது, மூன்றாவது மாடி பிளாட்டில் யாரும் மருந்துக் கிடங்கு வைக்கக் கூடாது. ஆனால் என் எரிச்சலுக்குச் சட்டம் தெரியாது.

சுத்தம் செய்கிற கதையும் உண்டு. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் உப்புக் கசடாகிவிடும், புகையோடு போனது போக மிச்சம் குழலிலேயே தங்கும், அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஜூலை மாத பெங்களூரில் ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காலையில் குழலுக்குள் செம்மண் ரோடு. அதனால் எவ்வளவு களைப்பாக வந்தாலும் அன்றைக்கே சுடுதண்ணீர், சோப்பு, துணி, எண்ணெய். பாத்ரூமில் வாளியில் குழலை நிறுத்திக் கம்பியை மேலும் கீழும் இழுக்கும்போது வருகிற அழுகிய முட்டை நாற்றம் ஷாஃப்ட் வழியாக மேல் வீட்டுக்குப் போய், "உங்க வீட்ல கேஸ் லீக்கா?" என்று அந்த அம்மா கதவைத் தட்டியிருக்கிறார். இதை நான் குறையாக எழுதவில்லை, கருமருந்து எடுத்தால் இது கூடவே வரும். ஒரு குழலுக்கு இருபது நிமிடம் என்றால் இரண்டு குழலுக்கு நாற்பது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் வந்தால் வேறு மாதிரி. 2023 சட்டசபைத் தேர்தலுக்கும் 2024 லோக்சபா தேர்தலுக்கும் லைசென்ஸ்காரர்கள் பலரையும் போல நானும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். எண்ணெய் பூசி, உறை போட்டு, ரசீது வாங்கி வைத்துவிட்டு வருவோம். திரும்பக் கிடைத்தபோது உறை ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம், கேப்பைத் தட்டுகிற இடது ஹேமரின் கழுத்தில் மிளகு தூவியது போலத் துருப் புள்ளிகள். ஆனால் துருவுக்கெல்லாம் அவர்களையே குறை சொன்னால் அது நியாயமில்லை, வலது குழலின் மேல் இருக்கும் பெரிய பழுப்புப் புள்ளி ஆயுத பூஜைக்கு என் அம்மா வைத்த சந்தனத்தின் வேலை. அதைப் பாய் எடுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாவம். அந்தக் கட்டை. கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கி, கண்ணைத் திறந்தால் பின்குறியின் பள்ளத்தில் முன்குறியின் பித்தளை மணி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கடையில் வாங்குகிற 12 போர் எதிலும், நண்பர்கள் வைத்திருக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கிகளில்கூட, எனக்கு இது நடந்ததே இல்லை. என் குள்ளக் கைக்கு அளவாக வெட்டியது, கன்னம் படுகிற இடத்தில் வேண்டிய அளவு மேடு, உதை வந்தாலும் தோளைத் தள்ளுமே தவிர அறையாது. ஹேமரை இழுக்கும்போது வருகிற இரண்டு கிளிக், முதலாவது மந்தமாக, இரண்டாவது கணீரென்று, அதைக் கேட்பதற்காகவே சில சமயம் கேப் இல்லாமல் எடுத்து இழுத்துப் பார்த்து மெல்ல இறக்கி வைப்பேன். நான் இவ்வளவு திட்டிய அதே பட்டறைக்காரர்தான் இதையும் செய்தார் என்பதை ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். நீங்கள் வழக்கமாக வாங்கும் மருந்தின் பெயரை ஆர்டரிலேயே எழுதி, அதில்தான் குழலைச் சமன்செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்குங்கள். அடுத்து, இது உயிர் விஷயம்: ஒரு குழலைச் சுட்டுவிட்டு அதை மட்டும் மறுபடி கெட்டிக்க உட்காரும் முன், மற்றக் குழலின் கேப்பைக் கழற்றிவிடுங்கள், கம்பியை அதற்குள் விட்டுக் குண்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் குழலின் உதையில் குண்டு முன்னால் நகர்ந்து, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழல் வெடிக்கலாம். கம்பியில் காலிக் குழலுக்கு ஒரு கோடு, கெட்டித்த குழலுக்கு ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் ஒரே குழலில் இரண்டு தடவை மருந்து போடுகிற விபத்தும் நடக்காது.

நண்பனுக்கு என் தீர்ப்பு: வேண்டாம்டா. ஒற்றைக் குழல் வாங்கு, பாதி விலை, பாதி துடைப்பு, அதற்குச் சண்டை போட ஜோடியே இல்லை. இதைப் படித்துவிட்டு என்னுடையதை விலைக்குக் கேட்டு யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம், கொடுக்கிற எண்ணமில்லை. சனிக்கிழமை பாய் மறுபடி ரேஞ்சுக்கு வருகிறார், புது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போட்டால் குறுக்கே போவது நிற்கும் என்கிறார், அதற்கும் அடங்காவிட்டால் பற்றை இன்னொரு தடவை இளக்க வேண்டியதுதான்.