ஷூ கம்பெனி வேலையும் மொபிலிட்டி பயிற்சியும்: சில வருட அனுபவம்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்த கழுத்து, மடங்கிய இடுப்பு. மூட்டுகளை நன்றாக அசைத்துப் பழகும் மொபிலிட்டி பயிற்சியைச் சில வருடமாக விடாமல் செய்கிறேன். மிஷின் முன் உட்காரும் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இது வெறும் ஸ்ட்ரெச்சிங் இல்லை. கையால் பிடித்து இழுத்தால் கால் எவ்வளவு தூரம் வரும் என்பது வளைந்து கொடுக்கும் தன்மை. பிடிக்காமல், காலின் சொந்த பலத்தில் எவ்வளவு தூரம் தூக்கி நிறுத்த முடியும் என்பதுதான் மொபிலிட்டி. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் உள்ளே இருக்கும் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போய்ச் சேரும். உட்கார்ந்தே இருக்கும் நமக்கு இது எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

காலையில் தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றையும் மெதுவாக, முடிந்த அளவு பெரிய வட்டமாகச் சுற்றுவேன். அப்புறம் சுவர்ப் பயிற்சி. பாதத்தைச் சுவரைப் பார்த்து நேராக, கொஞ்சம் தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்தலாம். கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இருந்தும் முழங்கால் தொட்டால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று அர்த்தம்.

எனக்குப் பெரிய மாற்றம் அந்தக் கணுக்காலில்தான். ஆரம்ப மாதங்களில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் குதிகால் தரையில் பதிய, குத்துக்காலிட்டு உட்கார முடிந்தது. சோளிங்கரில் நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது, ஆனாலும் நான் 1305 படியும் நடந்துதான் போகிறேன். ஏறும்போது மூச்சு வாங்குவது குறையவில்லை. அதற்குத் தனியாக வேக நடை வேண்டும். வித்தியாசம் இறங்கும்போதுதான். முன்பெல்லாம் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி இறங்குவேன், முழங்கால் வலிக்கும். இப்போது நேராக இறங்குகிறேன், கைப்பிடியைத் தேடுவதில்லை.

கழுத்து வலி கொஞ்சம்தான் குறைந்தது. மிஷின் உயரம் சரியாக இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் அதை முழுதாகத் தீர்க்காது.

மூட்டு வீங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்கு இதோடு பலமும் சமநிலையும் வேண்டும். 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது அந்தப் பயிற்சிகளைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. எங்கள் அத்தை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பழகுகிறார். ஆரம்பிக்க அது போதும்.