செக்கோஸ்லோவாக்கிய ஓநாய்நாயின் உயரம்: 5 ஆண்டுகள் அளந்து கண்டவை

எட்டு வாரக் குட்டியாக வந்த எங்கள் செக்கோஸ்லோவாக்கிய ஓநாய்நாய்ப் பெட்டைக்கு 5 வயது நிறைந்துவிட்டது. வந்த நாள் முதல் ஒன்றரை வயது வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் அவளுடைய உயரத்தையும் எடையையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இந்த இனத்தை வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு உயரம் வளரும்?" என்பதைத்தான். நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். அதன்மீது வைத்த அளவு கடந்த அக்கறையால் ஒரு தவறும் செய்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த இனத்தின் உயரத்தைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பை அறிந்திருப்பது உதவும். செக்கோஸ்லோவாக்கியாவில் கார்பாத்திய ஓநாய்களையும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களையும் இணைத்து நடத்திய சோதனையில், பிரிட்டா என்ற பெட்டை ஓநாய்க்கு 1958 மே 26 அன்று முதல் குட்டிகள் பிறந்தன. இன்றைய இனத் தரவரையறைப்படி ஆண் குறைந்தது 65 செ.மீ., பெட்டை குறைந்தது 60 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஆண் 60 முதல் 65, பெட்டை 55 முதல் 60 செ.மீ. என்று வரையறுத்திருக்கிறார்கள். அதாவது ஷெப்பர்டின் உயரம் முடியும் இடத்தில்தான் ஓநாய்நாயின் உயரம் தொடங்குகிறது. ஆனால் எடையில் அப்படியில்லை: ஷெப்பர்டு ஆணுக்குக் குறைந்த அளவு 30 கிலோ என்றால், ஓநாய்நாய் ஆணுக்கு 26 கிலோவே போதும். இது நீண்ட கால்கள் கொண்ட இனம்; முன்னங்காலின் நீளம் மொத்த உயரத்தில் 55 விழுக்காடு இருக்க வேண்டும் என்றே தரவரையறை சொல்கிறது. நெதர்லாந்தில் லேன்டர்ட் சார்லோஸ் உருவாக்கிய சார்லோஸ் ஓநாய்நாய் இதைவிடச் சற்று உயரமானது. ஆண் 65 முதல் 75, பெட்டை 60 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். 90, 95 செ.மீ. என்று சொல்லிக் குட்டி விற்பவர்களை நம்ப வேண்டாம். பெரிய ஆண் சாம்பல் ஓநாயே பொதுவாக 85 செ.மீ.-க்கு மேல் போவதில்லை.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. தலை உச்சி வரை அளப்பது உயரமாகாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில், இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள மேட்டிலிருந்து தரை வரை அளப்பதே உயரம். துணி அளக்கும் நாடாவை உடலின் வளைவோடு ஒட்டிப் பிடித்தால் சில செ.மீ. கூடுதலாகக் காட்டும். நான் சுவரோரம் நிற்க வைத்து, தோள்மேட்டின்மீது ஒரு மட்டப்பலகையைக் கிடையாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தைக் குறிக்கிறேன். குளிர்கால ரோமம் அடர்ந்திருக்கும்போது பலகையை எலும்பு தட்டும் வரை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் நாய் ஆண்டுக்கு ஒருமுறை வளர்ந்து குறைவதுபோல் தோன்றும். முதல் குளிர்காலத்தில் நானே அப்படி ஏமாந்தேன்.

என் நோட்டில் உள்ளபடி 8 வாரத்தில் 29 செ.மீ., 4 மாதத்தில் 46, 6 மாதத்தில் 56, 8 மாதத்தில் 60, ஒரு வயதில் 63, ஒன்றரை வயதில் 64 செ.மீ. பாதிக்கு மேற்பட்ட வளர்ச்சி முதல் சில மாதங்களிலேயே ஓடி முடிந்துவிடுவதை இதில் காணலாம். நான்காம் மாதத்தில் அவள் கால்களும் காதுகளும் மட்டுமே கொண்ட ஓர் உருவமாக இருந்தாள். பின்பகுதி முன்பகுதியைவிட உயர்ந்தும், அடுத்த வாரமே தாழ்ந்தும் நின்றது.

ஐந்தாம் மாதத்தின் இறுதியில் வளர்ச்சியின் வேகம் குறைந்தது. அது இயல்பானதே என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உயரம் கூடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, குட்டிகளுக்கான முழுமையான உணவோடு மூன்று வாரம் கால்சியம் பொடியையும் சேர்த்துக் கொடுத்தேன். இளங்குட்டியின் குடலுக்குத் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் இல்லை. அது உடலில் சேர்ந்து எலும்பின் இயல்பான உருவாக்கத்தைக் கெடுக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்நாட்களில் அவள் முன் வலக்காலைத் தாங்கி நடக்கத் தொடங்கினாள். பத்து நாளில் வலி இடக்காலுக்கு மாறியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், ஷெப்பர்டு வழி வந்த இளம் நாய்களில் அடிக்கடி காணப்படும் எலும்பு அழற்சி அது என்றும், பொடிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் உடனே நிறுத்த வேண்டும் என்றும் கூறினார். மணிக்கட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதிகள்) திறந்தே இருப்பதையும் படத்தில் காட்டினார். முன்னங்கால் எலும்பின் நீள வளர்ச்சியில் பெரும்பங்கு அந்தத் தட்டுகளில் நடப்பதால், உயரத்திலிருந்து குதிக்க விடுவதையும் வழுக்கும் தரையில் ஓட விடுவதையும் அன்றே நிறுத்தினோம். சில வாரங்களில் நடை சீரானது. அவளை நொண்ட வைத்துவிட்டேனோ என்று அந்த வாரங்களில் நான் பட்ட வேதனையை இன்றும் மறக்கவில்லை.

கருத்தடை அறுவைச் சிகிச்சையை 2 வயது வரை தள்ளி வைத்தோம். வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குப் பாலின ஹார்மோன்கள் வேண்டும்; முன்கூட்டியே செய்தால் தட்டுகள் தாமதமாக மூடி, கால் கூடுதலாக நீண்டுவிடும். அந்த உயரம் மூட்டுக்கு நல்லதன்று.

குட்டி எடுக்கும் முன் கேட்டே தீர வேண்டிய ஒன்று உண்டு. பிட்யூட்டரி சுரப்பியின் குறைபாட்டால் உண்டாகும் குள்ளத்தன்மை ஜெர்மன் ஷெப்பர்டிலிருந்து செக்கோஸ்லோவாக்கிய, சார்லோஸ் ஆகிய இரு ஓநாய்நாய் இனங்களுக்கும் வந்திருக்கிறது. தாய் தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு நோய் வரும்; சுமப்பவை பார்வைக்கு முழு நலத்தோடு இருக்கும். மரபணுச் சோதனையில் இது தெளிவாகத் தெரிந்துவிடும். எங்கள் பெட்டையின் பெற்றோர் இருவருக்கும் சோதனை முடிவு இருந்ததாலேயே நான் முன்வந்தேன். குட்டியின் பாதத்தைப் பார்த்து உயரம் கணிப்பவர்களைவிட, தாயையும் தந்தையையும் நேரில் அளந்து பார்ப்பவர்களே சரியாகச் சொல்கிறார்கள்: எங்கள் பெட்டையின் தாய் 63, தந்தை 69 செ.மீ.

ஒன்றரை வயதுக்குப் பின் உயரம் ஒரு செ.மீ.கூடக் கூடவில்லை. ஆயினும் மூன்று வயது வரை மார்பு ஆழ்ந்தது, கழுத்து தடித்தது, எடை 22 கிலோவிலிருந்து 26 கிலோவுக்கு வந்தது. சென்ற மாதம் அளந்தபோதும் பலகை அதே 64-ஆம் கோட்டில்தான் நின்றது.