பின்னுக்குப் பட்டா: பீகிள்போன் பிளாக்குடன் நான்கு ஆண்டுகள்

பீகிள்போன் பிளாக் என்ற சிறிய லினக்ஸ் கணினிப் பலகையின் இரு ஓரங்களிலும் (பி8, பி9 வரிசைகள்) 46 வீதம் 92 பின்கள் இருக்கின்றன. முதல் முறை பார்ப்பவருக்கு வாரி இறைத்திருப்பதுபோலத் தோன்றும். மின்சாரத்துக்கும் தரைக்கும் போனவை போக, உள்சேமிப்பும் எச்டிஎம்ஐயும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியவற்றில் பலவும் ஒரே ஆளாக இருப்பதில்லை. பி9 வரிசையின் 22-ஆவது பின்னையே பாருங்கள்: எஸ்பிஐ கடிகாரம், யூஆர்ட் வரவு, ஐ2சி தரவு, பல்ஸ் வெளியீடு, சாதாரண ஜிபிஐஓ என எந்த வேடமும் அதற்குப் பொருந்தும். எஸ்பிஐ, யூஆர்ட், ஐ2சி ஆகியவை சிப்கள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்; ஜிபிஐஓ என்பது நிரலே ஒன்று அல்லது பூஜ்யம் எழுதவும் படிக்கவும் விடும் பொதுப் பின். எந்த வேடம் என்பதை சிப்புக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரின் (சிறு நினைவிடத்தின்) கடைசி மூன்று பிட்கள் முடிவு செய்கின்றன.

லினக்ஸில் இந்தப் பங்கீட்டைப் பார்த்துக்கொள்வது பின்கன்ட்ரோல் என்ற துணை அமைப்பு. 2012 தொடக்கத்தில் வெளியான 3.2 பதிப்புடன், லினக்ஸின் மையமான கர்னலுக்குள் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு சிப் குடும்பமும் தன் போக்கில் செய்துகொண்டிருந்த வேலை இது. இப்போது எந்தச் சாதனத்துக்கு எந்தப் பின் என்று, வன்பொருளை விவரிக்கும் கோப்பான டிவைஸ் ட்ரீயில் எழுதினால் போதும். அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரின் தொடக்கச் செயல்பாடு ஓடுவதற்கு முன்பே கர்னல் அதை அமைத்துக் கொடுத்துவிடும். டிரைவர் நிரலில் பின்னைப் பற்றி ஒரு வரிகூட வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுகளில் இதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது உரிமைக் கணக்குதான். ஒருமுறை எஸ்பிஐக்குக் கொடுத்த அதே பின்களை மறதியாக யூஆர்ட்டுக்கும் எழுதிவிட்டேன். யூஆர்ட் டிரைவர் எழவே இல்லை. கர்னலின் எண்ணிக்கையில் 84-ஆம் பின்னை ஏற்கெனவே எஸ்பிஐ வாங்கிவிட்டது, உனக்கு இல்லை என்று கர்னல் பதிவில் ஆள் பெயரோடு ஒரு வரி இருந்தது. கர்னலின் உள்நிலையைக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் எந்தப் பின் யார் கையில் என்ற முழுப் பட்டியலும் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கல் பார்ப்பதுபோல அதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பட்டா யார் பெயரில் என்று சொல்பவர், நிலத்தில் என்ன விளைகிறது என்று பார்ப்பதில்லை.

இதை நான் கற்றது எஸ்பிஐயில் ஒரு அளவீட்டுச் சிப்பை இணைத்தபோது. படித்ததெல்லாம் பூஜ்யம். ஆசிலோஸ்கோப்பில் கடிகார அலை கோடு போட்டதுபோல அழகாக வந்தது. எதிர்ச் சிப் பதிலும் அனுப்பியது. ஒயரை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன். இரண்டு நாள் போனது. பிழை ஒற்றை பிட்டில் இருந்தது. கடிகாரம் நம் பக்கத்திலிருந்து வெளியே போவதுதானே என்று அந்தப் பின்னை வெளியீடாக மட்டும் அமைத்து, பதினாறடிமானத்தில் 10 என்று எழுதியிருந்தேன். இந்தச் சிப்பிலோ எஸ்பிஐ பகுதி, வெளியே போன கடிகாரத்தைப் பின்னிலிருந்தே திரும்ப உள்ளே வாங்கி, அதை வைத்துத்தான் வரும் தரவைப் பதிவு செய்கிறது. உள்வாங்கும் சுற்றைத் திறக்கும் (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்) ஐந்தாம் பிட் இல்லாமல் அது காது கேளாததுபோல உட்கார்ந்திருந்தது. 10-ஐ 30 ஆக்கினேன். எண்கள் கொட்டத் தொடங்கின. கர்னலைப் பொறுத்தவரை இரண்டு எண்களுமே சரியானவை. சாதனக் குறிப்பேட்டில் இது இருக்கிறது, ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை!

இன்னொரு ஓட்டை ஜிபிஐஓ. பின் வேறு வேடத்தில் இருக்கும்போதும் இந்தப் பலகையில் ஜிபிஐஓ எண்ணைக் கேட்டால் கொடுத்துவிடுகிறது. ஒன்று எழுதலாம், பூஜ்யம் எழுதலாம்; வெளியே ஒன்றும் அசையாது. பிழைச் செய்தியும் வராது. சரி, ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதிப் பார்ப்போம் என்று நினைவகத்தைத் திறந்து எழுதினால் அதுவும் வீண். பயனர் நிரலிலிருந்து வரும் எழுத்தை இந்த ரெஜிஸ்டர்கள் சத்தமில்லாமல் உதறிவிடும். கர்னல் நிலையில் எழுதினால்தான் ஏற்கும். தெரியாமல் ஒரு மாலை முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓடும்போதே வேடம் மாற்றித்தரும் கன்ஃபிக்-பின் கருவி மேசைச் சோதனைக்கு அருமை. களத்துக்கு அனுப்பும் பலகையில் வைக்காதீர்கள், மறுதொடக்கத்தில் எல்லாம் மறந்துபோகும்.

கடைசியாக, ரிலே; ஒரு பின் டிரான்சிஸ்டர் வழியாக இயக்கும் மின்சுவிட்ச். மின்சாரம் கொடுத்த உடனே ஒரு 'டக்', சில விநாடிகள் கழித்து இன்னொரு 'டக்'. டிவைஸ் ட்ரீயில் அந்தப் பின்னுக்கு எழுதியது எல்லாம் சரி. ஆனால் கர்னல் எழுந்து அதைப் படிக்கும்வரை பின் தன் பிறவிக் குணத்தில்தான் இருக்கும். நான் எடுத்த பி8 வரிசையின் 26-ஆவது பின்னுக்கு அந்தக் குணம் மேலிழுப்பு, அதாவது உள்ளிருந்தே உயர் மின்னழுத்தத்துக்கு இழுக்கப்பட்டிருக்கும். டிரான்சிஸ்டரைத் திறக்க அது போதும். டிரான்சிஸ்டர் வாயிலிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தேன். மறுநாள் காலை பலகையைப் போட்டபோது மேசை அமைதியாக இருந்தது.