மேடையா, இசைத்தட்டா? சிமாண்டேயும் டெக்ஸிஸும் திரும்பி வந்த இரண்டு வழிகள்

'ப்ரா' என்று ஒரு பாட்டு. நம் காதுக்குத் தலைப்பு வேறு மாதிரி கேட்கும். 'பிரதர்' என்பதைச் சுருக்கிக் கூப்பிடுவதுதான் அது. பாட்டின் பாதியில் ஊதுகருவிகள் ஒதுங்கிக்கொள்ளும். பேஸ் கிடாரும் தாளக் கருவிகளும் மட்டும் தனியே நடந்து போகும். 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க், கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் போன்ற டிஜேக்கள் தேடித்தேடிப் பிடித்தது இப்படிப்பட்ட இடங்களைத்தான். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்வார்கள். ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றொன்றில் அதையே மறுபடி ஓடவிடுவார்கள். ஹிப்ஹாப் முளைத்த மண் அது.

அந்தப் பாட்டை வாசித்தவர்கள் லண்டன்காரர்கள். குழுவின் பெயர் சிமாண்டே. பிராங்க்ஸில் ஜனங்கள் அதற்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், லண்டனில் அந்தக் குழுவே கலைந்து போயிருந்தது.

லண்டனில் இருக்கும் ஒரு தம்பி சில வாரங்களுக்கு முன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, பழைய சோல் குழுக்கள் திரும்பி வர்றாங்க. ஒரு பக்கம் கச்சேரி, இன்னொரு பக்கம் பழைய ஆல்பத்தின் மறுவெளியீடு. கையில இருக்கிறது ஒண்ணுக்குத்தான் பத்தும். எதுக்குப் போகட்டும்?" போனில் அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். மனசு ஆறவில்லை. அதனால் எனக்கு நன்றாகப் பழக்கமான இரண்டு குழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று சிமாண்டே. இன்னொன்று பர்மிங்ஹாமில் தொடங்கிய டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ். இரண்டும் பிரிட்டனில் உருவானவை, இரண்டும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் ஊறியவை, இரண்டும் பல வருடம் காணாமல் போய்த் திரும்பியவை. திரும்பி வந்த விதம்தான் நேர் எதிர்.

கை வைக்காமல் விட்ட தட்டு

சிமாண்டே 1971இல் உருவானது. பேஸ் கிடார் ஸ்டீவ் சிபியோ, கிடார் பேட்ரிக் பேட்டர்சன். கயானா, ஜமைக்கா, செயின்ட் வின்சென்ட் போன்ற கரீபிய மண்ணில் வேர் கொண்ட இளைஞர்கள் கூடிய குழு அது. சோல், ஃபங்க், ரேகே, ஜாஸ், ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயத்தாரின் மேளம் எல்லாம் கலந்த தங்கள் இசைக்கு 'நையா ராக்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜான் ஷ்ரோடர் என்ற தயாரிப்பாளர் காதில் விழ, 1972இல் முதல் ஆல்பம் வந்தது. அதிலிருந்த 'தி மெசேஜ்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஏறியது. சோல் பாடகர் அல் கிரீனோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனார்கள், ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் வாசித்தார்கள். ஊர் திரும்பினால் பிரிட்டனில் கதவு திறக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் இசை உலகில் ஒரு கறுப்பினக் குழுவுக்கு, அதுவும் தன் பாட்டைத் தானே எழுதும் குழுவுக்கு, வானொலியிலும் அரங்குகளிலும் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. மூன்றாவது ஆல்பம் 1974இல் வந்தது. அப்புறம் ஆளுக்கொரு திசை. சிபியோவும் பேட்டர்சனும் வழக்கறிஞர்கள் ஆனார்கள்.

ஆனால் தட்டுகள் சும்மா இருக்கவில்லை. டி லா சோல் என்ற ஹிப்ஹாப் குழு 'ப்ரா'வின் ஒரு துண்டைத் தங்கள் பாட்டில் எடுத்தாண்டது. பிரான்சில் எம்சி சோலார் என்ற ராப் பாடகர் 1991இல் 'தி மெசேஜ்' மேல் ஒரு ஹிட் கட்டினார். ஃபியூஜீஸ் என்ற இன்னொரு ஹிப்ஹாப் குழு 'டவ்' பாட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தது. இயக்குநர் ஸ்பைக் லீ இவர்கள் பாட்டைத் தன் படத்தில் வைத்தார். 1980களில் லண்டனில் அரிய பழைய தட்டுகளைப் போட்டு ஆடும் 'ரேர் குரூவ்' இரவுகளில் 'பிரதர்ஸ் ஆன் தி ஸ்லைடு' போட்டால் தரை நிறையும். வாசித்தவர்கள் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்க, அவர்கள் வாசித்தது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு மெதுவாகச் சேர்ந்தார்கள். 2015இல் ஒரு புது ஆல்பம். 2022இல் அவர்கள் கதையைச் சொல்லும் ஆவணப்படம். முதல் மூன்று ஆல்பங்களும் மறுபடி தட்டாக வந்தன, அமெரிக்காவில் மறுபடி மேடை ஏறினார்கள், 2025 ஜனவரியில் 'ரெனசன்ஸ்' என்ற புது ஆல்பமும் வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பழைய பதிவில் அவர்கள் கை வைக்கவில்லை என்பது. 1972இல் எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. சொல்ல வேண்டிய புதுசு இருந்தால் அது மேடைக்கும் புது ஆல்பத்துக்கும் போனது.

திருத்தித் திருத்தி எழுதிய தட்டு

டெக்ஸிஸ் கதை வேறு. 1978இல் பாடகர் கெவின் ரோலண்டும் கெவின் ஆர்ச்சரும் தொடங்கினார்கள். 1980இல் 'ஜீனோ' பிரிட்டனில் முதலிடம். அந்தப் பாட்டே ஜீனோ வாஷிங்டன் என்ற சோல் பாடகருக்குச் செலுத்திய வணக்கம். முதல் ஆல்பம் பதிவானதும், ராயல்டி பேரம் படியவில்லை என்று மாஸ்டர் டேப்புகளை, அதாவது மூலப் பதிவு நாடாக்களை, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி இறங்கி வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். 1982இல் வயலின்களோடு 'டூ-ரை-ஏ' ஆல்பம். அதிலிருந்து 'கம் ஆன் ஐலீன்'. அந்த வருடம் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் அதுதான். 1983இல் அமெரிக்காவிலும் முதலிடம். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' இறங்கி 'பீட் இட்' ஏறுவதற்கு நடுவில் ஒரே வாரம் அந்த இடத்தில் உட்கார்ந்த பாட்டு இது.

இவ்வளவு ஜெயித்தும் ரோலண்டுக்குத் திருப்தி இல்லை. அந்த ஆல்பத்தின் மிக்ஸிங், அதாவது குரலையும் கருவிகளையும் கலந்த விதம், தான் நினைத்தபடி வரவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. 1985இல் வந்து விற்காமல் போன அடுத்த ஆல்பத்தையும் அவர் விடவில்லை. 1997இல் ஒரு மறுவெளியீடு, 2002இல் 'டைரக்டர்ஸ் கட்' என்ற பெயரில் இன்னொன்று. 2003இல் குழுவைக் கூட்டிச் சுற்றுப்பயணம் போனார். 2012இல் புது ஆல்பம், முந்தையதற்கு 27 வருடம் கழித்து. 2013இல் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் நாடக அரங்கில் அந்தப் புது ஆல்பத்தை நாடகம் போல முழுதாக நடித்துப் பாடினார்கள். பழைய ஹிட்டுக்காக மட்டும் டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

பிறகு 2022இல், நாற்பதாம் ஆண்டில், 'டூ-ரை-ஏ'வை, ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடமாக இருக்கும் மூல மல்டிடிராக் டேப்புகளிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்து, 'ஒலித்திருக்க வேண்டிய விதத்தில்' என்ற பொருள்படும் தலைப்போடு வெளியிட்டார்கள். வயலின் வாசித்த ஹெலன் ஓ'ஹாராவும் கூட உட்கார்ந்து வேலை செய்தார். அதை ஒட்டி ஒரு சுற்றுப்பயணமும் திட்டமிட்டார்கள். ரோலண்ட் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட, அது நடக்கவில்லை.

துவைத்த சேலை, பிரித்து நெய்த சேலை

நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டில் புது பீட் சேர்ப்பது என்று அர்த்தமாகிவிட்டது. இங்கே அது இல்லை. ரீமாஸ்டர் என்பது பழைய பட்டுச் சேலையை அலசி, இஸ்திரி போட்டுக் கொடுப்பது மாதிரி. நெசவு அதேதான். ரீமிக்ஸ் என்பது நூல் நூலாகப் பிரித்து மறுபடி நெய்வது. குரல் ஒரு தடம், வயலின் ஒரு தடம், டிரம்ஸ் சில தடங்கள் என்று தனித்தனியாக இருப்பதை எடுத்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று புதிதாக முடிவு செய்வது.

ஒரு ராத்திரி 'டூ-ரை-ஏ'வின் 1982 மிக்ஸ், 2022 மிக்ஸ் இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். 2022 மிக்ஸில் கருவிகள் ஒன்றை ஒன்று இடிக்காமல் தள்ளி நின்று மூச்சு விடுவது போல எனக்குப் பட்டது. ஆல்பத்தின் மெதுவான பாட்டுகளுக்கு இது நிஜமாகவே நல்லது செய்திருக்கிறது. ஆனால் 'கம் ஆன் ஐலீன்' வந்ததும் மனசு ஒத்துழைக்கவில்லை. அந்தப் பாட்டின் நெரிசல்தான் அதன் சந்தோஷம். பின்பாதியில் வேகம் சட்டென்று இறங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பாடுகிற மாதிரி முடியுமே, அங்கே இடைவெளி எதற்கு? கல்யாண வீட்டுப் பந்தியில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

பாடியவருக்குத் தன் பாட்டைத் திருத்த உரிமை உண்டு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1982 மிக்ஸோடு வளர்ந்தவர்களுக்கும் அந்தப் பாட்டில் ஒரு பங்கு உண்டு. நல்லவேளை, பழைய மிக்ஸையும் இன்னும் கேட்க முடிகிறது. பழையதை மறைத்துவிட்டுப் புதியதை மட்டும் விற்றிருந்தால் நான் இந்த இடத்தில் கோபமாக எழுதியிருப்பேன்.

இதே சோதனையை சிமாண்டேவுக்கு வைத்தால் பேச்சே வேறு. முதல் ஆல்பத்தில் 'டவ்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். கிடார் மெல்லத் தடவித் தடவி ஆரம்பிக்கும், மேளம் அடியில் அரைத்தூக்கத்தில் இருக்கிற மாதிரி நடக்கும், வார்த்தை இல்லாத குரல்கள் எங்கிருந்தோ வந்து சேரும். இதில் எதைத் திருத்துவது? சுத்தமாக அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

அச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த இரண்டு குழுவும் இல்லாத வேறொரு சோல் ஆல்பத்தின் மறுவெளியீட்டை ஆசை ஆசையாக வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். தட்டின் நடு ஓட்டை ஒரு நூலிழை தள்ளி விழுந்திருந்தது. சுழலும்போது ஊசிக்கை இடம் வலமாக ஆடியது. சாக்ஸபோன் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிற இடமெல்லாம் சுருதி ஊஞ்சலாடியது. கனமான தட்டு, அழகான அட்டை, உள்ளே நீளமான கட்டுரை, எல்லாம் இருந்தும் கேட்க முடியவில்லை. மறுவெளியீடு வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்ப்பதற்கு முன் ஒரு பக்கமாவது போட்டுக் கேட்டுவிடுங்கள், அப்போதுதான் திருப்பிக் கொடுக்க முடியும்.

சரி, எதற்குப் பணம் போடுவது?

காசு யாருக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். மறுவெளியீட்டின் வருமானம் மாஸ்டர் உரிமை யாரிடம் இருக்கிறது, ஐம்பது வருடத்துக்கு முன் என்ன ஒப்பந்தம் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. வாசித்தவர் கைக்கு அதில் கொஞ்சம்தான் போய்ச் சேரும், சில நேரம் அதுவும் இல்லை. கச்சேரியில் காசு போகும் பாதை சின்னது. அரங்க வாடகை, பயணச் செலவு எல்லாம் போக மீதி பெரும்பாலும் வாசித்தவரிடமே வரும்.

அடுத்தது நேரம். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து வந்த டோனி டோனி டோனே என்ற குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ரஃபேல் சாதிக், அவர் அண்ணன் ட்வெயின் விக்கின்ஸ், உறவினர் டிமோதி கிறிஸ்டியன் ரைலி. மூவரும் பல வருடப் பிரிவுக்குப் பிறகு 2023இல் சேர்ந்து சுற்றுப்பயணம் போனார்கள். 2025 மார்ச்சில் ட்வெயின் விக்கின்ஸ் இறந்துவிட்டார். 1993இல் வந்த அவர்களுடைய 'சன்ஸ் ஆஃப் சோல்' ஆல்பத்தை இன்றைக்கும் வாங்கலாம், பத்து வருடம் கழித்தும் வாங்கலாம். பிரிந்த அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே மேடையில் நின்ற அந்தப் பருவம் இனி வராது. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் எத்தனையோ பதிவுகளில் பேஸ் வாசித்த டொனால்ட் 'டக்' டன் 2012 மே மாதம் டோக்கியோவில் கச்சேரிகள் முடித்த கையோடு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

கச்சேரியிலும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எழுபது தாண்டியவர்களின் குரல் பழைய உயரத்துக்குப் போகாது. பத்துப் பேர் குழுவில் இருவரோ மூவரோதான் பழைய ஆட்களாக இருப்பார்கள், மற்றவர்கள் இளையவர்கள். பாடகர் மாறியிருந்தால் காது முதல் இரண்டு பாட்டுக்கு முரண்டு பிடிக்கும். ஆனால் சிமாண்டே மாதிரி தாளத்தின் மேல் நிற்கும் குழுவுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. பேஸும் கிடாரும் அதே கைகளில் இருக்கும்வரை குழு அதுதான். டெக்ஸிஸில் எல்லாமே ரோலண்டின் குரலும் நடிப்பும். அவர் நன்றாக இருக்கும் இரவில் அதற்கு ஈடு கிடையாது.

ஆக, தம்பிக்கு நான் எழுதியது இதுதான். சிமாண்டே உன் ஊருக்கு வந்தால் டிக்கெட் வாங்கு, யோசிக்காதே. மறுவெளியீட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். டெக்ஸிஸ் என்றால் முதலில் 1982 மிக்ஸ், ஒரு மாதம் அதோடு இரு, பாட்டெல்லாம் மனப்பாடம் ஆன பிறகு 2022 மிக்ஸைக் கேள். வரிசையை மாற்றினால் ரோலண்ட் எதற்காக நாற்பது வருடம் தவித்தார் என்பதே புரியாது.

கச்சேரிக்குப் போவதற்கு முந்தின ராத்திரி ஒரு வேலை செய் என்றும் எழுதினேன். விளக்கை அணைத்துவிட்டு முதலில் 'ப்ரா' கேள். அது முடிந்ததும் 'ரெனசன்ஸ்' ஆல்பத்தை ஓடவிடு. நடுவில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. சிபியோவின் பேஸ் இன்னும் அவசரப்படவில்லை.