முதுகெலும்பில் பரவிய புற்று: ஒரே நோயாளி, மூன்று மதிப்பெண், மூன்று விடை

காரைக்குடிப் பக்கத்து 62 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல் புற்று. 12ஆம் மார்பு முள்ளெலும்பு அரித்துப்போய், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கி, அந்த இடத்தில் கூன் தட்டுகிறது. நிமிர்ந்தால் உயிர் போகும் வலி, படுத்தால் அடங்கிவிடும். கால் பலம் குறைந்திருக்கிறது, ஆனாலும் சுவரைப் பிடித்து நடக்கிறார். இன்னொரு முள்ளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் ஒவ்வொரு பரவல். ஈரலும் மூளையும் சுத்தம்.

நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணிக்கும் டோகுஹாஷி முறை (1990இல் வந்தது, 2005இல் திருத்தப்பட்டது) ஆறு கேள்வி கேட்டு 15க்கு மதிப்பெண் போடும். பொதுநிலை, அதாவது அன்றாட வேலையைத் தானே செய்யும் திறனை 100க்கு அளக்கும் கார்னோஃப்ஸ்கி எண், 60, அதற்கு 1. முதுகுக்கு வெளியே ஒரு எலும்பு, 1. இரண்டு முள்ளெலும்பு, 1. உள்ளுறுப்பில் பரவல் இல்லை, 2. நுரையீரல் புற்று என்பதால் 0. கால் பலம் ஓரளவே குறைவு, 1. மொத்தம் 6. எட்டும் அதற்குக் கீழும் என்றால் ஆறு மாதத்துக்குள் ஆயுள், அறுவை வேண்டாம் என்பது அதன் கணக்கு.

டொமிடா முறை (2001) மூன்றே கேள்வியில் முடிக்கும். இங்கே மதிப்பெண் கூடினால் கெடுதல். வேகமாக வளரும் புற்றுக்கு 4, உள்ளுறுப்புக்கு 0, பல எலும்புகளுக்கு 2. மொத்தம் 6. அதாவது, நோயை வேரறுக்க முயலாமல் தண்டுவடத்தின் அழுத்தத்தை மட்டும் எடுக்கிற சிறிய அறுவை செய்யலாம்.

மூன்றாவதான சின்ஸ் முறை (2010) ஆயுளைப் பற்றிப் பேசுவதே இல்லை. எலும்பு தாங்குமா என்பதுதான் அதன் கேள்வி. மார்பும் இடுப்பும் சேரும் இடம் 3, அசைந்தால் கூடும் வலி 3, அரிப்பு 2, புதிய கூன் 2, பாதிக்குக் குறைந்த அமுங்கல் 2, பின்பக்கம் ஒரு புறம் பாதிப்பு 1. மொத்தம் 13. 18க்கு 13 தொட்டாலே உறுதியற்ற முதுகு. ஸ்க்ரூ போட்டு நிறுத்தாமல் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் புற்று சுருங்கும், அமுங்கிய எலும்பு நிமிராது.

ஒன்று வேண்டாம் என்கிறது, ஒன்று சிறிதாகச் செய் என்கிறது, ஒன்று நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது. நாம் முதலில் பார்ப்பது சின்ஸையும் கால் பலத்தையும். ஆயுள் மதிப்பெண், எவ்வளவு பெரிய அறுவை என்பதை முடிவு செய்யத்தான். செய்யலாமா கூடாதா என்பதை டோகுஹாஷி கையில் விட்டால் தவறிவிடும். காரணம் அதன் கோடு விழும் இடம். பாட்செல் என்ற மருத்துவரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு, தண்டுவடம் அழுந்தியவர்களில் மூன்று மாதமாவது வாழ்வார் என்று கருதப்பட்டவர்களைச் சேர்த்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57. நடை நீடித்த காலம் 122 நாளும் 13 நாளும். டோகுஹாஷியோ ஒரு மாதக்காரரையும் ஐந்து மாதக்காரரையும் ஒரே பெட்டியில் போடுகிறது.

இன்னொரு ஓட்டை: நுரையீரல் என்றாலே 0. புற்றணுவில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்து ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரை வேலை செய்தால் அந்த 0க்குப் பொருளில்லை. டோகுஹாஷி, டொமிடா இரண்டும் இந்த மருந்துகள் பரவலாவதற்கு முந்தியவை. 2014இல் கடாகிரி என்ற மருத்துவர் தம் ஆயுள் கணிப்பு முறையைத் திருத்தியபோது இதையும் ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துக்கொண்டார். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 3.5க்குக் கீழே போனால் எந்த முறையில் நல்ல மதிப்பெண் வந்தாலும் தயங்க வேண்டும். காயம் ஆறாது.

கார்னோஃப்ஸ்கியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் ஆச்சியை எழுந்திருக்கவே விடமாட்டார்கள், தண்ணீர் முதல் எல்லாம் கைக்கு வரும். “படுத்த படுக்கை” என்று வீட்டார் சொல்வதை வைத்து 40 என்று எழுதினால் டோகுஹாஷியில் அதற்கு மதிப்பெண் 0. முகப்பிலிருந்து பின்கட்டுக்குத் தானே போய் வருவாரா, தடுப்பது வலியா தளர்ச்சியா என்று கேளுங்கள். வலியென்றால் அறுவைக்குப் பின் அந்த எண் ஏறும். தளர்ச்சியென்றால் ஏறாது.

எண்ணிக்கையிலும் பிசகு வரும். எலும்பு ஸ்கேன் எடுக்காமல் “ஒரே இடம்தான்” என்று எழுதினால் மதிப்பெண் சும்மா உயர்ந்து, தேவையில்லாத பெரிய அறுவையில் போய் நிற்கும். நுரையீரலில் உள்ள மூலக் கட்டியையே உள்ளுறுப்புப் பரவலாக எண்ணுகிறவர்களும் உண்டு. புற்று எங்கே தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஊசி வழி சதைப் பரிசோதனை முதலில். இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே உள்ள வட்டும் (டிஸ்க்) சேர்ந்து அழிந்திருந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். ரத்த, நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுகளான மைலோமா, லிம்ஃபோமா கதிருக்கும் மருந்துக்கும் கரையும். அவற்றுக்கு இந்த ஆயுள் கணக்கு வேண்டாம். சிறுநீரக, தைராய்டு புற்று என்றால் அறுவைக்கு முன் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்காவிட்டால் மேசையில் ரத்தம் நிற்காது.

அறுவை முடிவானால் முள்ளெலும்பின் பின்வளைவை மட்டும் வெட்டியெடுப்பது போதாது. முன்பக்கம் ஏற்கெனவே இடிந்திருக்கிறது, பின்பக்கத்தையும் எடுத்தால் முதுகு மடியும். மேலே இரண்டு, கீழே இரண்டு மட்டங்களில் ஸ்க்ரூ வேண்டும். கதிர்வீச்சு காயம் ஆறிய பிறகு, பொதுவாக இரண்டு வாரமாவது கழித்து.

அறுவைக்காக மதுரைக்கு அனுப்பும்போது மட்டப் பலகையில் கிடத்தி, உருட்டித் திருப்பி, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு (வழக்கமாக நாளுக்கு 16 மில்லிகிராம்) தொடங்கி, சர்க்கரையையும் பார்த்து அனுப்ப வேண்டும். லிம்ஃபோமா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்டீராய்டுக்கு முன் அங்குள்ள மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சதைப் பரிசோதனை முடிவைக் குழப்பும். சீட்டில் மதிப்பெண் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கால் எந்த நாள் எத்தனை மணிக்கு விழுந்தது என்பதை எழுதுங்கள். கால் முழுதாக விழுந்து 48 மணி நேரம் தாண்டியவர்களைப் பாட்செல் ஆய்வு சேர்க்கவே இல்லை.