கிடங்கில் வைக்க எது: எச்.சி. புகைக்குண்டா, சிவப்பு பாஸ்பரஸா?

வெடிபொருள் கிடங்குப் பொறுப்பில் இருந்தபோது, பழைய எச்.சி. புகைக்குண்டுகளைக் கழித்துவிட்டு சிவப்பு பாஸ்பரஸ் புகைக்குண்டுகளுக்கு மாறலாமா என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். மாறலாம் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

புகைக்குப் பயன்படும் இன்னொரு பொருளான வெள்ளை பாஸ்பரஸ் போட்டியிலேயே இல்லை. 44 டிகிரியில் உருகிவிடும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சாதாரணம். கசிந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும்.

எச்.சி. என்பது ஹெக்சாகுளோரோஈத்தேன், துத்தநாக ஆக்சைடு, அலுமினியத்தூள் சேர்ந்த கலவை. பார்க்க சாது. ஆனால் ஈரம் உள்ளே போனால் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனும் சூடும் கிளம்பும். கலவை தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். ஒருமுறை அடுக்கைப் பிரித்தபோது ஒரு டப்பாவின் அடி மடிப்பில் கடுகளவு துரு. மேலே பெயின்ட் புதுசு போலவே இருந்தது. விரலால் தடவினால்தான் மூடி லேசாக உப்பியிருப்பது தெரிந்தது. அந்த வரிசை முழுவதையும் தனியே ஒதுக்கினோம். ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, பிரித்துப் பார்ப்பதும் ஆபத்து. மூடிய இடத்தில் பற்றினால் வரும் துத்தநாகக் குளோரைடு புகை நுரையீரலைப் புண்ணாக்கி ஆளையே கொல்லும்.

சரி, சிவப்பு பாஸ்பரஸுக்கு ஈரம் ஆகுமா? ஆகாது. மெல்ல மெல்ல அமிலமாகி, பாஸ்பீன் வாயுவை விடும். நெல் கிடங்கில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வருகிற அதே விஷவாயு. அதனால்தான் துகள்களுக்குப் பூச்சுக் கொடுக்கிறார்கள். பிரிட்டனின் எல்8 குண்டில் 95 சதவீதம் சிவப்பு பாஸ்பரஸ், 5 சதவீதம் பியூட்டைல் ரப்பர். வாயு வருவது கெட்டதுதான், ஆனால் அதை அளக்க முடிகிறது. சிவப்பு பாஸ்பரஸ் பக்கம் என்னைச் சாய்த்தது இந்த ஒன்றுதான். எட்டு மணி நேர வேலைக்கு, காற்றில் பாஸ்பீனுக்கு வரம்பு 0.3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 0.3 பங்கு). மூக்கை நம்பாமல் மீட்டரை வைத்தால், எந்தப் பெட்டியின் அடைப்பு போயிற்று என்று அதுவே காட்டிக் கொடுக்கும். எச்.சி. டப்பாவிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க வழியில்லை.

பாஸ்பீன் செம்பை அரிக்கும், ஆகவே மின் இணைப்புள்ள குண்டுகளில் தொடுமுனைகளையும் பார்க்க வேண்டும். அப்புறம், வண்ணப் புகைக்குண்டுகளில் குளோரேட் இருக்கும். உடைந்து சிந்தி அதுவும் சிவப்பு பாஸ்பரஸும் கலந்தால் தீக்குச்சித் தலை தீப்பெட்டியில் உரசியது போலத்தான். அவற்றை ஒரே அறையில் வைக்க நான் விட்டதில்லை.

மாறிய பிறகு நான் அங்கே பார்த்தது ஐந்து மழைக்காலம்தான். ஐந்திலும் மீட்டர் அமைதியாகவே இருந்தது. இருபது வருடத்துக்கும் இப்படியே இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.