பாத்ரூம் பூஞ்சை: சில மழைக்காலங்கள் பார்த்தபின் எழுதுவது

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீடு. பாத்ரூம் வென்டிலேட்டர் திறப்பது குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்குள். வெயிலே படாது. ஐப்பசி பிறந்தால் டைல்ஸ் இடுக்கிலும் சீலிங் மூலையிலும் கரும்புள்ளி கிளம்பிவிடும். அம்மாவுக்கு வீசிங் உண்டு, பூஞ்சை அதைக் கிளப்பிவிடும் என்பதால் சும்மா விட முடியவில்லை. வாங்கியவற்றில் எது உழைத்தது என்று சொல்கிறேன்.

கொடுத்த காசுக்கு நன்றாக உழைப்பது ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். ஆனால் கதவை இறுக்கிச் சாத்திவிட்டுப் போட்டால் சத்தம்தான் மிச்சம். உள்ளே காற்று வந்தால்தானே ஈரம் வெளியே போகும்? கதவடியில் விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். குளித்தபின் அரை மணி நேரமாவது ஓடட்டும். பின்பக்க ஷட்டர் இதழ்களில் தூசி ஒட்டிக்கொண்டால் அவை திறக்காது, அவ்வப்போது துடைக்க வேண்டும்.

ஈரப்பதமானி ஒன்றும் மாட்டினோம். 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். கடலோரச் சென்னையில் வெளிக்காற்றே பெரும்பாலும் அதற்கு மேல்தான், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் அந்த எண்ணைத் துரத்தாமல், சுவரில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம். குளித்தவர் கை வைப்பரால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஃபேனுக்கு அடுத்து பலன் தந்தது இந்த மலிவான வைப்பர்.

ஆசிட் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு எல்லா வீட்டிலும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். கறையோடு சேர்த்து இடுக்கிலுள்ள ஒயிட் சிமென்ட்டையும் அது அரித்துவிடும். சொரசொரத்த இடுக்கில் ஈரமும் சோப்பு அழுக்கும் தங்கும், பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இன்னொன்று, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

ஷவர் பக்கச் சுவரில் பழைய ஒயிட் சிமென்ட்டைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பிசின் கலவை) போட்டோம். விலை அதிகம், வேலை தெரிந்த ஆளும் வேண்டும். ஆனால் தண்ணீரைக் குடிப்பதில்லை. மேலே படிகிற கறுப்பு பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடுகிறது.

வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கான் கதை வேறு. அதற்குள்ளேயே கறுப்பு இறங்கிவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது. பிளேடால் முழுக்க வெட்டியெடுத்து, இடத்தை நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கான் போட வேண்டும். அதுவும் நிரந்தரமில்லை, சோப்புப் பெட்டி ஓரத்தில் மறுபடி புள்ளி வைக்கத் தொடங்கியிருக்கிறது.

சீலிங் மூலை மட்டும் இன்னும் தீரவில்லை. மேல்வீட்டு பாத்ரூமில் நஹானி டிராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வடியும் குழியைச் சுற்றிக் கசிவு. பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் அடித்தும் உப்பிக்கொண்டு உதிர்கிறது. மேலே வாட்டர்புரூஃபிங் செய்தால்தான் வழி, பேசிக்கொண்டிருக்கிறோம்.